வீச்சுப் பண்பேற்றம்: சிக்னல் ஜெனரேட்டரை முதன்முதலாகத் தொடுபவருக்கு

ஒரு மீடியம் வேவ் ரேடியோவுக்குப் பக்கத்தில் சோதனை அலைகளை உருவாக்கும் சிக்னல் ஜெனரேட்டரை வைத்து, இரண்டையும் 1000 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்து, வெளியீட்டை முதன்முதலாக இயக்குபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒன்றும் கேட்கவில்லையே, கருவி பழுதா?" பழுதில்லை. மறுபடி அணைத்துவிட்டுக் கவனமாகக் கேளுங்கள். ஜெனரேட்டர் அணைந்திருக்கும்போது ஸ்பீக்கரில் தகரக் கூரை மேல் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சல் இருக்கும். இயக்கியதும் அந்தத் தூறல் நின்றுவிடும். அந்த அமைதிதான் ரேடியோ உங்கள் அலையைப் பிடித்துக்கொண்டது என்பதற்கான அடையாளம். வெற்று அலையில் காதுக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை, அதனால்தான் மௌனம். இப்போது ஏ.எம். (வீச்சுப் பண்பேற்றம்) பொத்தானை அழுத்துங்கள். "பீ" என்று ஒரு சீரான ஒலி எழும்.

அந்த மௌனத்துக்கும் ஒலிக்கும் நடுவே என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால், கருவியில் உள்ள எல்லாப் பொத்தான்களும் தாமாகவே அர்த்தம் பெற்றுவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அடிப்படை, சுருக்கமாக

ஜெனரேட்டர் உருவாக்கும் உயர் அதிர்வெண் அலையை ஊர்தி அலை என்கிறோம். அதன் அதிர்வெண்ணைத் தொடாமல், அதன் உயரத்தை மட்டும் ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏற்றி இறக்குவதே வீச்சுப் பண்பேற்றம். ஏற்றி இறக்கும் வேகம் பண்பேற்ற அதிர்வெண். எவ்வளவு ஏற்றி இறக்குகிறோம் என்பது பண்பேற்ற ஆழம். ஆழத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். 30 சதவீதம் என்றால் அலையின் உயரம் தன் இயல்பான அளவிலிருந்து 30 சதவீதம் மேலே போய், அதே அளவு கீழே வருகிறது. 100 சதவீதத்தில் மேலே இரு மடங்காகி, கீழே ஒரு கணம் சுழியைத் தொடுகிறது.

ஆக, ஜெனரேட்டரிடம் நாம் சொல்ல வேண்டியவை நான்கே: ஊர்தி அலையின் அதிர்வெண், அதன் அளவு, பண்பேற்ற அதிர்வெண், ஆழம். ரேடியோ சோதனைகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருப்பது 400 ஹெர்ட்ஸ் அல்லது 1 கிலோஹெர்ட்ஸ், 30 சதவீதம். எதைத் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1 கிலோஹெர்ட்ஸ், 30 சதவீதத்தில் தொடங்குங்கள். யாருடைய அளவீட்டோடும் ஒப்பிடலாம்.

இணைப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கருவிக்கு நேரும் பெரும் சேதங்கள் எல்லாம் இங்கேதான் நேர்கின்றன.

ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) ஜெனரேட்டரின் வெளியீடு 50 ஓம். அதற்கேற்ற கேபிள் ஆர்.ஜி.-58 போன்ற 50 ஓம் கேபிள். சென்னை ரிச்சி தெருவில் போய் "பி.என்.சி. கேபிள்" என்று மட்டும் கேட்டால், கண்காணிப்புக் கேமராக்களுக்குப் போடும் 75 ஓம் ஆர்.ஜி.-59 கேபிள் கைக்கு வர வாய்ப்பு அதிகம். கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கூடவே, கேபிளின் முனையில் செருகும் 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்றையும், டி வடிவ பி.என்.சி. இணைப்பான் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

சோதிக்கும் சுற்றில் நேர்திசை (டி.சி.) மின்னழுத்தம் இருக்கக்கூடிய எந்த இடத்தையும் ஜெனரேட்டரோடு நேரடியாக இணைக்கக் கூடாது. நடுவில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இருக்கட்டும். பழைய வால்வு ரேடியோக்களில் சில மாதிரிகளுக்கு மின்மாற்றி கிடையாது; அவற்றின் உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் அத்தகைய ரேடியோவைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரை மட்டுமல்ல, உங்களையும் அது பாதிக்கும்.

மூன்றாவது எச்சரிக்கையை நான் விலை கொடுத்துக் கற்றேன். ஒரு 5 வாட் வாக்கி-டாக்கியின் ரிசீவரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் அதன் ஆன்டெனா முனையில் நேரடியாக இணைந்திருந்தது. ரிசீவர் நன்றாக இருந்தது. டிரான்ஸ்மிட்டரும் வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று, கேபிளைக் கழற்றாமலே பேசும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஒரு நொடிதான். அதன் பிறகு ஜெனரேட்டரின் திரையில் எண்கள் வழக்கம்போலவே காட்டின, ஆனால் உண்மையில் வெளிவந்த அளவு எந்த எண்ணோடும் பொருந்தவில்லை. உள்ளே, வெளியீட்டின் அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரின் மின்தடை ஒன்று கருகியிருந்தது. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆயிற்று. சில ஜெனரேட்டர்களில் எதிர்த்திசையில் வரும் மின்திறனைத் தடுக்கும் பாதுகாப்பு உண்டு, பலவற்றில் இல்லை. டிரான்ஸ்மிட்டர் உள்ள எந்தக் கருவியோடு இணைத்தாலும் நடுவில் ஒரு 30 டெசிபெல் அட்டெனுவேட்டரைப் போடுங்கள், அது 10 வாட்டாவது தாங்கக்கூடியதாக இருக்கட்டும். 5 வாட் என்பது அதைக் கடந்து வரும்போது வெறும் 5 மில்லிவாட் ஆகிவிடும். ரிசீவர் சோதனைக்கு 30 டெசிபெல் குறைவதை ஜெனரேட்டரில் கூட்டி ஈடுசெய்துகொள்ளலாம்.

முதல் அமைப்பு

கருவியை இயக்கி அரை மணி நேரம் சூடாக விடுங்கள். பழைய கருவிகளில் அதிர்வெண் இந்த நேரத்தில்தான் நிலைகொள்ளும்.

ஆர்.எஃப். வெளியீடு அணைந்த நிலையில், அதிர்வெண்ணை 1 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுங்கள். பயிற்சிக்கு இது நல்ல அதிர்வெண், அலைவடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் எந்த ஆசிலோஸ்கோப்பும் இதைக் காட்டும். அளவை 0 டிபிஎம் என்று வையுங்கள். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 50 ஓம் சுமையில் இது முகட்டிலிருந்து அகடு வரை சுமார் 632 மில்லிவோல்ட். கூடவே இன்னும் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் நாள் முழுவதும் உதவும்: −47 டிபிஎம் என்றால் 50 ஓமில் 1 மில்லிவோல்ட், −107 டிபிஎம் என்றால் 1 மைக்ரோவோல்ட். இரண்டும் ஆர்.எம்.எஸ். (வர்க்கங்களின் சராசரியின் வர்க்கமூலம்) அளவுகள்.

அடுத்து ஏ.எம். பட்டியலுக்குப் போங்கள். மூலம் உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று கேட்கும் இடத்தில் "இன்டர்னல்", அலைவடிவம் சைன், வேகம் 1 கிலோஹெர்ட்ஸ், ஆழம் 30 சதவீதம். இங்கே புதியவர்கள் பலர் சிக்கிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ரிகோல் டி.எஸ்.ஜி.815 போன்ற இன்றைய கருவிகளில் பண்பேற்றத்துக்கு இரண்டு சுவிட்சுகள். பட்டியலுக்குள் ஏ.எம். என்பதை இயக்கினாலும், முகப்பில் தனியாக உள்ள "மாட்" பொத்தானும் எரிந்துகொண்டிருந்தால்தான் பண்பேற்றம் வெளியே வரும். ஆர்.எஃப். பொத்தான் மூன்றாவது. மூன்றில் ஒன்று அணைந்திருந்தாலும் மற்ற இரண்டையும் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. 1970களில் வந்த ஹியூலெட்-பாக்கார்டு 8640பி போன்ற குமிழ்கள் நிறைந்த கருவிகளில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரு குமிழை 400 அல்லது 1000 ஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் போதும், ஆழத்தை முள் மீட்டரே காட்டிவிடும். கற்றுக்கொள்ள எனக்கு இன்றும் பிடித்தது அந்த வகைதான். கை செய்வதைக் கண் உடனே பார்க்கிறது.

எண்ணை நம்புவதற்கு முன் கண்ணால் பாருங்கள்

திரையில் "30 சதவீதம்" என்று இருப்பது கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் கூற்று. அது உண்மையா என்று சரிபார்ப்பது நம் வேலை. ஒருமுறையாவது இதைச் செய்யாமல் யாரும் ரேடியோவைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆசிலோஸ்கோப்பின் முதல் சேனலில் டி இணைப்பானைச் செருகுங்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர் கேபிள், மறுபக்கம் 50 ஓம் டெர்மினேட்டர். உங்கள் ஆசிலோஸ்கோப்பிலேயே 50 ஓம் உள்ளீடு இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். டெர்மினேட்டர் இல்லாவிட்டால் திரையில் இரு மடங்கு வோல்ட் தெரியும், 0 டிபிஎம்முக்கு 1.26 வோல்ட். கருவியில் கோளாறு என்று அதைப் பார்த்துத் தவறாக முடிவுகட்டியவர்கள் பலர்.

நேர அளவை ஒரு கட்டத்துக்கு 500 மைக்ரோ நொடி என்று வையுங்கள். 10 கட்டங்களில் 5 மில்லி நொடி, அதாவது 1 கிலோஹெர்ட்ஸின் 5 சுழற்சிகள். இப்போது திரையில் ஊர்தி அலை தனித்தனிக் கோடாகத் தெரியாது, நிரம்பிய ஒரு பட்டையாகத் தெரியும். அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றுக்கொன்று எதிராக அலையும். இந்த விளிம்புதான் அலையுறை. ரேடியோவின் டிடெக்டர் பிரித்தெடுப்பது இதைத்தான்.

படம் ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஆசிலோஸ்கோப் ஊர்தி அலையைப் பிடித்து டிரிகர் ஆகிறது (படம் வரையத் தொடங்கும் கணத்தைத் தேர்கிறது), அதுதான் காரணம். ஜெனரேட்டரின் பின்புறத்திலோ முகப்பிலோ பண்பேற்ற அலைக்கென ஒரு தாழ்வதிர்வெண் வெளியீடு இருக்கும். அதை இரண்டாவது சேனலில் கொடுத்து, டிரிகரை அந்தச் சேனலுக்கு மாற்றுங்கள். படம் அப்படியே நின்றுவிடும்.

டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நினைவகம் சிறியதாக இருந்தால், நேர அளவை மெதுவாக்கும்போது கருவி மாதிரி எடுக்கும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 5 மில்லி நொடிக்கு 10,000 புள்ளிகள் என்றால் நொடிக்கு 20 லட்சம் மாதிரிகள். 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுழற்சியில் இரண்டே புள்ளிகள். இல்லாத கோலங்களெல்லாம் திரையில் தோன்றும். "பீக் டிடெக்ட்" என்ற முறைக்கு மாற்றுங்கள். பட்டை மீண்டும் நிரம்பும்.

இப்போது அளப்போம். அலையுறை அதிகம் விரிந்த இடத்தில் பட்டையின் முழு உயரத்தையும், அதிகம் சுருங்கிய இடத்தில் முழு உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஆழம். 0 டிபிஎம்மில் 30 சதவீதம் என்றால் விரிந்த இடம் சுமார் 822 மில்லிவோல்ட், சுருங்கிய இடம் சுமார் 443. வித்தியாசம் 379, கூட்டுத்தொகை 1265. வகுத்தால் 0.30.

ஆழத்தை மெல்ல உயர்த்திப் பாருங்கள். 50இல் இடுப்பு ஒடுங்குகிறது. 80இல் ஊசிமுனைபோல நெருங்குகிறது. 100இல் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. அந்தத் தொடும் புள்ளியின் வடிவத்தைக் கவனியுங்கள். ஒரே புள்ளியில் தொட்டு உடனே பிரிந்தால் நல்லது. தட்டையாகச் சிறிது தூரம் ஒட்டிக்கொண்டே போனால், உங்கள் கருவி உயர்ந்த ஆழத்தில் அலையை வெட்டுகிறது. அப்படியானால் 80, 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிலோஸ்கோப்பின் எக்ஸ்-ஒய் முறையை இதுவரை பயன்படுத்தாதவர்களுக்கு இது நல்ல தருணம். பண்பேற்ற அலையைக் கிடைமட்டத்துக்கும், ஆர்.எஃப். அலையைச் செங்குத்துக்கும் கொடுங்கள். திரையில் ஒரு சரிவகம் உருவாகும். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் குட்டை. ஆழத்தின் கணக்கு அதேதான். ஆனால் சரிவகம் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. சாய்ந்த இரு கோடுகளும் அளவுகோல் வைத்தாற்போல நேராக இருந்தால் பண்பேற்றம் நேர்த்தியானது. வளைந்திருந்தால் ஒலி சிதைகிறது. 100 சதவீதத்தில் சரிவகம் முக்கோணமாகிவிடும். சாதாரணப் படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் சிறு சிதைவுகூட இந்தக் கோடுகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர்தி அதிர்வெண் உங்கள் ஆசிலோஸ்கோப்பின் எல்லையைச் சற்றுத் தாண்டினாலும், உதாரணமாக 100 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 120 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பார்த்தாலும், பட்டையின் உயரம் குறையுமே தவிர ஆழத்தின் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அளவை நம்ப வேண்டாம், ஆழத்தை நம்பலாம்.

அலையை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கையிலிருந்தால் இன்னும் சுலபம். நடுவில் ஊர்தி அலை, இருபுறமும் 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு பக்கப்பட்டைகள். பிரித்துக் காட்டும் பட்டையகலத்தை 100 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால்தான் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். 100 சதவீதத்தில் ஒவ்வொரு பக்கப்பட்டையும் ஊர்தி அலையைவிட 6 டெசிபெல் தாழ்ந்திருக்கும். 50இல் 12, 30இல் 16.5, 10இல் 26. அதற்கும் அப்பால் 2 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் உயரமான கோடுகள் தெரிந்தால், அதுவும் சிதைவுதான்.

முகட்டுக்கு இடம் விடுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் குழப்பம் அதிகம். 100 சதவீத ஆழத்தில் முகட்டில் மின்னழுத்தம் இரு மடங்கு, அதாவது அந்தக் கணத்தில் மின்திறன் நான்கு மடங்கு, 6 டெசிபெல் அதிகம். உங்கள் ஜெனரேட்டரின் உச்ச வெளியீடு +13 டிபிஎம் என்றால், முழு ஆழத்தில் பண்பேற்றும்போது +7க்கு மேல் போகாதீர்கள். மேலே போனால் முகடுகள் தட்டையாகும், அல்லது அளவு கட்டுப்பாட்டில் இல்லை என்று கருவி எச்சரிக்கை விளக்கைக் காட்டும். சராசரித் திறன் இவ்வளவு ஏறாது. 100 சதவீதத்தில் ஒன்றரை மடங்கு, 30 சதவீதத்தில் வெறும் 4.5 சதவீதம் கூடுதல். சராசரியைக் காட்டும் பவர் மீட்டரைப் பார்த்து முகடு பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

ரேடியோவுக்கு வருவோம்

டிரான்சிஸ்டர் மீடியம் வேவ் ரேடியோவில் ஆன்டெனா என்பது உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு. அதற்கு ஒயர் இணைக்கத் தேவையில்லை. இன்சுலேஷன் உள்ள ஒயரை 10 சென்டிமீட்டர் விட்டத்தில் மூன்று சுற்று சுற்றி, ஒரு 47 ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்த்து, ஜெனரேட்டர் கேபிளின் முனையில் இணையுங்கள். அந்த வளையத்தை ஃபெரைட் தண்டின் அச்சுக்கு நேராக, ஓரடி தள்ளி நிறுத்துங்கள். வளையத்தையும் ரேடியோவையும் மேசையில் ஒட்டுநாடாவால் அசையாமல் ஒட்டிவிடுவது நல்லது. வளையம் இரண்டு அங்குலம் நகர்ந்தாலும் அளவு மாறிவிடும்.

சோதனைக்கு அதிர்வெண் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம். நம் பகுதியில் மீடியம் வேவ் நிலையங்கள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. 999 அப்படி ஓர் இடம். அகில இந்திய வானொலியின் கோவை நிலையம் ஒலிபரப்பிய அதிர்வெண் அது. அந்த நிலையம் எட்டும் ஊரில் நீங்கள் 1000 கிலோஹெர்ட்ஸில் வெற்று அலையைக் கொடுத்தால், இரண்டும் மோதி 1 கிலோஹெர்ட்ஸில் விசில் எழும். பண்பேற்றம் அணைந்திருக்கும்போதே பண்பேற்ற ஒலி கேட்பதுபோல இருக்கும். இதைத் தேடி அரை நாள் வீணடிக்கலாம். ஜெனரேட்டரின் பண்பேற்ற அதிர்வெண்ணை 400 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஒலி மாறாவிட்டால் அது உங்களுடையது அல்ல. முதலிலேயே ஆர்.எஃப். அணைத்துவிட்டு ரேடியோவை முள் முழுவதும் ஓட்டி, வெறுமையாக உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

எந்த நிலையத்தைப் பிடித்தாலும் ரேடியோ அதை உள்ளே ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது; அந்த இடைநிலை அதிர்வெண்ணைச் சரிசெய்யும் வேலைக்கு ஜெனரேட்டரை 455 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். சில ஐரோப்பியத் தயாரிப்புகளில் இது வேறாக இருக்கும், ரேடியோவின் சுற்றுப் படத்தைப் பாருங்கள். ரேடியோவின் முள்ளைத் தாழ்ந்த முனைக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளில் மாறுதிசை வோல்ட் மீட்டரை இணையுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டவை, 1 கிலோஹெர்ட்ஸில் தவறாகக் காட்டலாம். ஆசிலோஸ்கோப்பின் ஆர்.எம்.எஸ். அளவீடு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஜெனரேட்டரின் அளவை, ஒலி இரைச்சலுக்கு மேலே சற்றே எட்டிப் பார்க்கும் வரை குறையுங்கள். இதுதான் இந்த வேலையின் உயிர். ரேடியோவுக்குள் ஏ.ஜி.சி. என்ற தன்னியக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. வலுவான அலை வந்தால் அது பெருக்கத்தைக் குறைத்துவிடும். நீங்கள் காயிலைத் திருப்பி அளவைக் கூட்டினால் அது குறைக்கும், மீட்டர் முள் அசையாது, எது சரியான நிலை என்று தெரியவே தெரியாது. அளவு குறைவாக இருந்தால் மட்டுமே மீட்டர் உண்மை பேசும்.

உலோக உறைக்குள் இருக்கும் சிறு மின்மாற்றிகளின் தலையில் வண்ணம் பூசியிருப்பார்கள். வழக்கமாக மஞ்சள், வெள்ளை, கருப்பு என்று வரிசை. சிவப்பு ஆசிலேட்டருக்குரியது, அதை இப்போது தொடாதீர்கள். பிளாஸ்டிக் திருப்புளியால் கருப்பில் தொடங்கி, வெள்ளை, மஞ்சள் என்று பின்னிருந்து முன்னே வாருங்கள். ஒவ்வொன்றையும் மீட்டர் உச்சத்துக்கு வரும்வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். மீட்டர் ஏறினால் ஜெனரேட்டரைக் குறையுங்கள். திருகு இறுகினால் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருப்பது பென்சில் முனைபோல நொறுங்கும் ஃபெரைட். உடைந்தால் அந்த மின்மாற்றியையே மாற்ற வேண்டும்.

பிறகு முள்ளின் இரு முனைகள். 600 கிலோஹெர்ட்ஸில் சிவப்புக் காயிலையும், தண்டின் மேல் காயில் நிற்கும் இடத்தையும் சரிசெய்து, 1400 கிலோஹெர்ட்ஸில் டிரிம்மர்களை (திருகி மாற்றக்கூடிய சிறு கபாசிட்டர்களை) சரிசெய்யுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது சிறிது நகரும். மூன்று நான்கு முறை மாறி மாறிச் செய்தால் நிலைபெறும். முடிந்ததும் ரேடியோவை 600இலேயே வைத்து, ஜெனரேட்டரை 1510 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் அளவைக் கூட்டிப் பாருங்கள். 455இன் இரு மடங்கு 910. அவ்வளவு தள்ளியிருந்தும் அதே ஒலி கேட்கும். இது பிம்ப அதிர்வெண். எவ்வளவு அதிக அளவு கொடுத்தால் கேட்கிறது என்பதிலிருந்து முன்பகுதி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

இனி, பண்பேற்றத்தை இயக்கி அணைப்பதை மட்டும் வைத்துச் செய்யும் ஓர் அழகான அளவீடு: உணர்திறன். 1 கிலோஹெர்ட்ஸ், 30 சதவீதம். ஏ.எம். இயங்கும்போது ஸ்பீக்கரில் உள்ள வோல்ட்டைக் குறியுங்கள். ஏ.எம்.மை மட்டும் அணையுங்கள், ஆர்.எஃப். ஓடிக்கொண்டே இருக்கட்டும். இப்போது மீதமிருப்பது இரைச்சல். முதல் எண் இரண்டாவதைப்போல 3.16 மடங்காக, அதாவது 10 டெசிபெல் அதிகமாக, இருக்கும் வரை ஜெனரேட்டரின் அளவை ஏற்றி இறக்குங்கள். அந்த அளவுதான் உணர்திறன். புதியவர்கள் ஏ.எம்.மை அணைப்பதற்குப் பதில் ஆர்.எஃப்.பையே அணைத்துவிடுவார்கள். ஊர்தி அலை போனதும் ஏ.ஜி.சி. பெருக்கத்தை முழுவதும் திறந்துவிடும், இரைச்சல் சோவெனக் கொட்டும், கணக்கு தலைகீழாகிவிடும். இதே அளவீடு விமான ரேடியோக்களுக்கும் பொருந்தும். அவற்றில் ஆன்டெனா முனை இருப்பதால் வளையம் தேவையில்லை, ஜெனரேட்டர் காட்டும் அளவையே நேரடியாக எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆழத்தை 30இலிருந்து 80க்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். ஒலி உரத்துப் போவது இயல்பு. கரகரப்பு சேர்ந்தால் டிடெக்டரில் குறை. டயோடுக்குப் பின்னால் உள்ள கபாசிட்டர், அலையுறை இறங்கும் வேகத்துக்கு ஈடாகத் தன் மின்னூட்டத்தை இறக்க முடியாமல் தடுமாறுகிறது. பண்பேற்ற அதிர்வெண்ணை 3 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் இது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

வெளியிலிருந்து ஒலி கொடுப்பது

மூலத்தை "எக்ஸ்டர்னல்" என்று மாற்றினால் உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டையே பண்பேற்றலாம். இதில் ஆழத்தை நிர்ணயிப்பது உள்ளே வரும் மின்னழுத்தம். பல கருவிகள் 1 வோல்ட் முகடு வந்தால்தான் திரையில் உள்ள ஆழத்தைச் சரியாகத் தரும். உங்கள் கருவியின் கையேட்டில் இந்த எண்ணைப் பாருங்கள். பாட்டில் உச்சங்கள் திடீரென்று எழும்; சராசரிக்கு 80 சதவீதம் வைத்தால் உச்சத்தில் 100ஐத் தாண்டி அலை வெட்டுப்படும். ஆசிலோஸ்கோப்பில் இடுப்பைப் பார்த்துக்கொண்டே, மிக உரத்த இடத்திலும் விளிம்புகள் தொடாதபடி ஒலியளவை வையுங்கள்.

ஜெனரேட்டரின் வெளியீட்டில் ஆன்டெனா இணைக்க வேண்டும் என்ற ஆசை இந்த இடத்தில்தான் வரும். வேண்டாம். உரிமமில்லாமல் ஒலிபரப்புவது குற்றம். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகள் பேசுவது இதே வீச்சுப் பண்பேற்றத்தில்தான், அதில் 121.5 அவசர அழைப்புக்குரியது. ஓடுபாதையின் நடுக்கோட்டை விமானத்துக்குக் காட்டும் கருவிகூட 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையில் 90, 150 ஹெர்ட்ஸ் ஒலிகளைத் தலா 20 சதவீத ஆழத்தில் ஏற்றி, எது மேலோங்குகிறது என்று பார்த்துத்தான் வழி சொல்கிறது. இந்த அதிர்வெண்களில் வேலை செய்யும்போது கேபிள் மட்டுமே, அதுவும் நன்றாகத் திருகி முடுக்கியதாக.

வேலை முடிந்ததும் முதலில் ஆர்.எஃப்.பை அணைத்து, பிறகு கேபிளைக் கழற்றுங்கள். அளவை −100 டிபிஎம்முக்கு இறக்கிவிடுங்கள். ஏ.எம்.மையும் அணைத்துவிடுங்கள். சில கருவிகள் கடைசியாக இருந்த நிலையிலேயே மறுநாள் எழும்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். அடுத்து வருபவர் ஒரு ஃபில்டரை அளக்க வெற்று அலையை எதிர்பார்த்து இணைப்பார், திரையில் ஒரு கோட்டுக்குப் பதிலாக மூன்று கோடுகளைப் பார்த்துத் திகைத்து நிற்பார்.